அபிலேஷனுக்கு முன்னாடி எந்த மாத்திரையை நிறுத்தணும், எதைத் தொடவே கூடாது

படபடப்புக்குப் பண்ற அபிலேஷனுக்கு (இதயத்துல கரண்ட் தப்பா சுத்தற இடத்தைச் சுடற சிகிச்சை) தேதி குடுத்துட்டாங்க, கிளம்பும்போது "அஞ்சு நாளைக்கு முன்னாடி ஹார்ட் மாத்திரையை நிறுத்திடுங்க"ன்னு ஒரே ஒரு வரி சொல்லி அனுப்பிட்டாங்க, வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்தா ஏகப்பட்ட ஸ்ட்ரிப் கிடக்கு, இதுல எது ஹார்ட் மாத்திரை எது பிரஷர் மாத்திரைன்னு வீட்ல ஒருத்தருக்கும் தெரியல. இப்படி முழிச்சிட்டு இருக்கறவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

எங்க அம்மாவுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தோட மேல் அறை தாறுமாறா துடிக்கறது), சித்தி பையனுக்கு எஸ்.வி.டி. (திடீர்னு இதயம் ரொம்ப வேகமா அடிக்கற இன்னொரு வகைப் படபடப்பு). ரெண்டு பேருக்கும் அபிலேஷன் ஆச்சு, ரெண்டு பேருக்கும் ஓடினது நான்தான். தம்பிக்கு படபடப்பு மாத்திரையை நிறுத்தியே ஆகணும்னாங்க. அம்மாவுக்கு போன்ல பேசினவங்க "எல்லாத்தையும் நிறுத்திடுங்க"ன்னு சொல்லிட்டாங்க, சந்தேகமா இருக்கேன்னு ஈ.பி. டாக்டரையே (இதயத்துடிப்புக் கோளாறைப் பார்க்கற ஹார்ட் டாக்டர்) பிடிச்சுக் கேட்டா, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரையை ஒரு வேளை கூட விடக்கூடாதுன்னு அடிச்சு சொன்னார். கேக்காம விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் பயமா இருக்கு.

நான் டாக்டர் இல்ல. எதை எப்போ நிறுத்தறதுங்கற முடிவு உங்க ஈ.பி. டாக்டரோடது மட்டும்தான். அவர்கிட்ட என்னென்ன கேக்கணும், எதை எழுதி வாங்கணும்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க, அதுக்குத்தான் இது.

1. எதுக்கு நிறுத்தச் சொல்றாங்கன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க

அபிலேஷன் பண்றதுக்கு முன்னாடி ஈ.பி. ஸ்டடின்னு ஒண்ணு பண்ணுவாங்க. தொடை இடுக்குல இருக்கற ரத்தக்குழாய் வழியா மெல்லிசான வயரை இதயத்துக்குள்ள விட்டு, அந்தப் படபடப்பை வேணும்னே வரவச்சு, கரண்ட் எந்த வழியா தப்பா சுத்துதுன்னு கண்டுபிடிப்பாங்க. அந்த இடத்தைத்தான் சுடுவாங்க, இல்லைன்னா உறைய வைப்பாங்க. நீங்க சாப்பிடற மாத்திரையோட வேலையே அந்தப் படபடப்பை அடக்கி வைக்கறது. மருந்து ரத்தத்துல இருந்தா டேபிள்ல படபடப்பு வராமலே போயிடலாம், வரலைன்னா எங்க சுடறதுன்னு தெரியாது, அபிலேஷன் பண்ணாமலே திருப்பி அனுப்பற நிலைமை கூட வரும்.

அதனால நிறுத்தச் சொல்றது பெரும்பாலும் ரிதம் மாத்திரையை, அதாவது படபடப்பை அடக்கற மாத்திரையை மட்டும்தான். அதுவும் எஸ்.வி.டி., டபிள்யூ.பி.டபிள்யூ. (இதயத்துல பிறவியிலேயே கரண்ட் போக கூடுதலா ஒரு வழி இருக்கறது) மாதிரி கேஸ்லதான் இது ரொம்ப முக்கியம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு பண்ணும்போது நுரையீரல்ல இருந்து வர்ற ரத்தக்குழாய் வாயைச் சுத்தித்தான் வேலை, படபடப்பை வரவச்சுத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கணும்னு இல்ல, அதனால சில டாக்டருங்க ரிதம் மாத்திரையைக் கூட தொடரச் சொல்லுவாங்க. பக்கத்து பெட்காரர் நிறுத்தினார்னு நீங்களும் நிறுத்தாதீங்க. அவருக்கு என்ன பிரச்சனையோ உங்களுக்கு என்ன பிரச்சனையோ.

2. வீட்ல இருக்கற எல்லா மாத்திரையையும் ஒரு பேப்பர்ல எழுதுங்க

பிராண்ட் பேர் மட்டும் எழுதினா பத்தாது. ஸ்ட்ரிப்புக்குப் பின்னாடி சின்ன எழுத்துல மருந்துப் பேர் இருக்கும், அதையும் மி.கி. அளவையும், எந்த வேளைக்கு சாப்பிடறீங்கங்கறதையும் சேர்த்து எழுதுங்க. கண்ணு தெரியலைன்னா போன்ல போட்டோ எடுத்து பெருசாக்கிப் பாருங்க.

இதுல பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு, கூட்டு மாத்திரை. கன்கார் ஏ.எம்.னா அதுல பைசோப்ரோலாலும் அம்லோடிபினும் சேர்ந்து இருக்கு. மெட் எக்ஸ்.எல். ஏ.எம்.ல மெட்டோப்ரோலாலோட அம்லோடிபின். டெல்மா பீட்டால டெல்மிசார்ட்டனோட மெட்டோப்ரோலால். வீட்ல இதை "பிரஷர் மாத்திரை"ன்னு சொல்லிப் பழகியிருப்போம், ஹார்ட் மாத்திரையை நிறுத்தச் சொன்னா இதை விட்டுட்டு மத்ததை நிறுத்துவோம், உள்ள இருக்கற பீட்டா பிளாக்கர் (பைசோப்ரோலால், மெட்டோப்ரோலால் மாதிரி இதயத்துடிப்பைக் குறைக்கற மருந்து) தினமும் உடம்புக்குள்ள போயிட்டே இருக்கும். சரின்னு இதை மொத்தமா நிறுத்தினா பிரஷர் மருந்தும் சேர்ந்து நின்னுடும், அபிலேஷன் அன்னிக்கு பி.பி. எகிறிப் போய் நிக்கும். அதனால கூட்டு மாத்திரை இருந்தா டாக்டர்கிட்ட தனியா காட்டி, அந்த சில நாளைக்கு பிரஷர் மருந்தை மட்டும் தனி மாத்திரையா எழுதி வாங்கிக்கோங்க.

ஹார்ட்டுக்கு சம்பந்தம் இல்லாத மாதிரி தெரியறதும் லிஸ்ட்ல வரணும். கண் அழுத்தத்துக்கு விடற டிமோலால் சொட்டு மருந்தும் பீட்டா பிளாக்கர்தான். கை நடுக்கத்துக்கோ ஒத்தைத் தலைவலிக்கோ பதட்டத்துக்கோ குடுக்கற புரோப்ரனலாலும் அதே வகைதான். ஆஸ்துமா பஃப், சளிக்கு மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கற மாத்திரை, சித்தா, ஆயுர்வேதம், மருதம்பட்டை கஷாயம், மீன் எண்ணெய் கேப்ஸ்யூல், எல்லாத்தையும் எழுதுங்க. நாட்டு மருந்தைச் சொன்னா டாக்டர் திட்டுவாரோன்னு நிறைய பேர் மறைச்சிடறாங்க. திட்டினா திட்டிட்டுப் போகட்டும், சொல்லிடுங்க.

இப்ப அந்தப் பேப்பர்ல ஒவ்வொரு மாத்திரைக்கு எதிரேயும் கோடு போட்டு மூணு கட்டம் விடுங்க: நிறுத்தணுமா வேண்டாமா, கடைசி மாத்திரை எந்தத் தேதி எந்த வேளை, திரும்ப எப்போ ஆரம்பிக்கணும். இந்தப் பேப்பரை ஈ.பி. டாக்டர்கிட்டயோ அவரோட ஃபெல்லோ டாக்டர்கிட்டயோ (அவர்கிட்ட பயிற்சி எடுக்கற டாக்டர்) குடுத்து அவங்க கையாலேயே நிரப்பி வாங்குங்க. ரிசப்ஷன்லயோ போன்லயோ வாய்ல சொல்றதை நம்பி ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீங்க. ஓ.பி.ல கூட்டமா இருக்கும், அவசரப்படுத்துவாங்க, பரவாயில்ல, ரெண்டு நிமிஷம்தான் ஆகும், வாங்காம எழுந்திரிக்காதீங்க.

3. ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை: நீங்களா கை வைக்காதீங்க

அசிட்ரோம், வார்ஃபரின், அபிக்ஸபான், ரிவராக்ஸபான், டபிகாட்ரான் இதெல்லாம் இந்த வகை. ஆபரேஷன்னாலே ரத்தம் வரும், அதனால இதை நிறுத்தணும்னுதான் நம்ம ஊர்ல எல்லாரும் நினைக்கறாங்க. பல்லு பிடுங்கப் போறதுக்கே நிறுத்திப் பழகினவங்க வேற. ஆனா ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அபிலேஷன்ல கதையே தலைகீழ். இதயத்தோட இடது மேல் அறைக்குள்ள வயரை விட்டு சுடறாங்க, அங்க ரத்தம் கட்டியாகி அது மூளைக்குப் போச்சுன்னா ஸ்ட்ரோக். வார்ஃபரினை நிறுத்தாமலே அபிலேஷன் பண்றதுதான் பாதுகாப்புன்னு 2014ல வந்த ஒரு பெரிய ஆய்வுலயும், டபிகாட்ரானை நிறுத்தாம பண்ணலாம்னு 2017ல வந்த ஆய்வுலயும் தெளிவா வந்திருக்கு. அதுக்கு அப்புறம் நிறுத்தாம பண்றதுதான் வழக்கமாவே ஆயிடுச்சு. அபிக்ஸபான் மாதிரி மாத்திரைல, அபிலேஷன் அன்னிக்குக் காலைல ஒரு வேளையை மட்டும் சில ஆஸ்பத்திரில விடச் சொல்லுவாங்க, அதையும் அவங்க சொன்னாதான் செய்யணும்.

முன்னாடி குறைஞ்சது 3 வாரமாவது இந்த மாத்திரையை ஒரு வேளை கூட விடாம சாப்பிட்டிருக்கணும்னு எதிர்பார்ப்பாங்க. நடுவுல ஊருக்குப் போன இடத்துல மறந்துட்டீங்க, ஸ்ட்ரிப் தீர்ந்து ஒருநாள் கழிச்சுத்தான் வாங்கினீங்கன்னா அதை மறைக்காம சொல்லுங்க. தொண்டை வழியா குழாய் விட்டு டி.இ.இ. எக்கோ எடுத்து உள்ள ரத்தக்கட்டி இருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் பண்ணுவாங்க. கட்டி இருந்தா தள்ளிப் போடுவாங்க, அது நல்லதுக்குத்தான். அசிட்ரோமோ வார்ஃபரினோ சாப்பிடறவங்க ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு காட்டற டெஸ்ட்) 2க்கும் 3க்கும் நடுவுல இருக்கான்னு முந்தின வாரங்கள்ல அடிக்கடி டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்டை சேர்த்து வைங்க.

செயற்கை வால்வு வச்சவங்க, ஸ்டென்ட் வச்சு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடறவங்க, உங்களுக்கு எந்த அபிலேஷனா இருந்தாலும் சரி, டாக்டர் எழுதிக் குடுக்காம ஒரு டோஸை விடாதீங்க. வால்வு அடைச்சுக்கும், ஸ்டென்ட் அடைச்சுக்கும், உயிருக்கே ஆபத்து.

4. பீட்டா பிளாக்கரை பட்டுனு நிறுத்தலாமான்னு கேளுங்க

மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், அட்டெனலால், புரோப்ரனலால் இதெல்லாம் பீட்டா பிளாக்கர். வருஷக்கணக்கா சாப்பிட்டவங்க திடீர்னு நிறுத்தினா இதயம் முன்னைவிட வேகமா அடிக்கும், பி.பி. ஏறும். ஹார்ட்ல அடைப்பு இருக்கறவங்களுக்கு நெஞ்சுவலி, அட்டாக் வரைக்கும் போகலாம். சில பேருக்கு பாதி பாதியா குறைச்சு நிறுத்தச் சொல்லுவாங்க, சில பேருக்கு நிறுத்தவே வேண்டாம்னு விட்டுடுவாங்க. "எனக்கு முன்னாடி அடைப்பு இருக்கு", "பம்பிங் கம்மியா இருக்கு"ன்னு நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்க, ஏன்னா மாத்திரை எழுதின டாக்டர் ஒருத்தர், அபிலேஷன் பண்றவர் வேற ஒருத்தர், பழைய ஃபைல் ரெண்டு பேர்கிட்டயும் இருக்கும்னு சொல்ல முடியாது. பிரஷருக்கு குளோனிடின் சாப்பிடறவங்களும் இதே மாதிரி கேட்டுக்கணும், அதை திடீர்னு விட்டா பி.பி. மோசமா எகிறும்.

5. தேதிக் கணக்கு

ஒரு மருந்து ரத்தத்துல பாதியா குறைய ஒரு நேரம் ஆகும். அந்த மாதிரி அஞ்சு தடவை பாதி பாதியா குறைஞ்சா 3 சதவீதம்தான் மிச்சம் இருக்கும். இதை வச்சுத்தான் டாக்டருங்க நாள் குறிக்கறாங்க. மெட்டோப்ரோலால் பாதியாக 3லேர்ந்து 7 மணி நேரம், பைசோப்ரோலாலுக்கு 10லேர்ந்து 12 மணி நேரம், ஃபிளெக்கனைடுக்கு சுமார் 20 மணி நேரம், டிஜாக்சினுக்கு ஒண்ணரை ரெண்டு நாள். இதுல அமியோடரோன்ங்கற ரிதம் மாத்திரை மட்டும் தனி ரகம், அது உடம்புக் கொழுப்புல போய் தங்கிடும், பாதியாகவே சராசரியா 58 நாள் ஆகும், அதனால அஞ்சு நாள் நிறுத்தினாலும் உள்ள அப்படியேதான் இருக்கும். நீங்க அமியோடரோன் சாப்பிட்டா, தேதி குறிக்கும்போதே, அதாவது முதல் ஓ.பி.லயே அதைச் சொல்லிடுங்க, கடைசி வாரத்துல சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்ல.

"அஞ்சு நாளைக்கு முன்னாடி"ன்னா எதுக்கு அஞ்சு நாள் முன்னாடி? அட்மிஷனுக்கா, அபிலேஷனுக்கா? நிறைய இடத்துல முந்தின நாளே அட்மிட் பண்ணிடுவாங்க. அதனால நாள் கணக்கு கேக்காதீங்க, "கடைசி மாத்திரை எந்தத் தேதி, காலையா ராத்திரியா"ன்னு கேளுங்க. உதாரணத்துக்கு வியாழக்கிழமை அபிலேஷன், முழுசா அஞ்சு நாள் இடைவெளி வேணும்னா, கடைசி மாத்திரை வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் மாத்திரை கிடையாது. காலண்டர்ல பேனாவால வட்டம் போட்டு வைங்க, நிறுத்த வேண்டிய ஸ்ட்ரிப்பை டப்பாவுலேர்ந்து எடுத்து தனியா ஒரு கவர்ல போட்டு வைங்க. வயசானவங்க கை பழக்கத்துல எடுத்துப் போட்டுக்குவாங்க.

இன்னொண்ணு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க: தேதி உறுதியாகாம மாத்திரையை நிறுத்தாதீங்க. இன்சூரன்ஸ் அப்ரூவல் வரல, கேத் லேப்ல (அபிலேஷன் பண்ற ரூம்) எமர்ஜென்சி வந்துடுச்சு, இதயத்துக்குள்ள கரண்ட் போற வழியைப் படமா காட்டற 3டி மேப்பிங் மெஷினுக்கு ஆள் வரலைன்னு தேதி தள்ளிப் போறது சாதாரணமா நடக்கும். நீங்க பாட்டுக்கு மாத்திரையை நிறுத்திட்டு வீட்ல உக்காந்திருப்பீங்க, ஒவ்வொரு நாளும் ரிஸ்க். நிறுத்தறதுக்கு முந்தின நாள் போன் பண்ணி "தேதி உறுதிதானா, அப்ரூவல் வந்துடுச்சா"ன்னு கேட்டுட்டு நிறுத்துங்க. நிறுத்தினப்புறம் தேதி தள்ளினா, "அதுவரைக்கும் மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கவா"ன்னு அந்த போன்லயே டாக்டரைக் கேட்டு பதில் வாங்கிட்டுத்தான் வைக்கணும்.

6. சுகர் இருக்கறவங்க

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடறீங்களான்னு பாருங்க, இப்ப பம்பிங் கம்மியா இருக்கறவங்களுக்கு சுகர் இல்லைன்னாலும் இதைக் குடுக்கறாங்க. பட்டினியோட இது சேர்ந்தா ரத்தத்துல அமிலம் ஏறிடற ஆபத்து இருக்கு, சுகர் நார்மலா காட்டினாலும் ஏறலாம், அதனால பொதுவா 3 நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க. ஹார்ட் டாக்டர் மறந்தாலும் நீங்க கேளுங்க. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையை வெறும் வயித்துல போட்டா சுகர் இறங்கி மயக்கம் வரும், இன்சுலின் யூனிட்டையும் குறைக்கணும், ரெண்டையும் அன்னிக்குக் காலைல எப்படின்னு எழுதி வாங்குங்க. தைராய்டு மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் வழக்கமா தொடரச் சொல்லுவாங்க.

7. நிறுத்தின நாள்ல படபடப்பு வந்துட்டா

வரும், வரலாம், அதுக்குத் தயாரா இருங்க. தனியா இருக்காதீங்க, வண்டி ஓட்டாதீங்க, தூரப் பயணம் வேண்டாம், காபி டீயைக் குறைச்சுக்கோங்க. எஸ்.வி.டி. உள்ளவங்களுக்கு மூச்சை அடக்கி முக்கற ஒரு முறை இருக்கு: பாதி சாய்ஞ்சு உக்காந்து 15 செகண்ட் நல்லா முக்கணும், உடனே மல்லாக்கப் படுக்க வச்சு ஒருத்தர் ரெண்டு காலையும் 45 டிகிரிக்குத் தூக்கி 15 செகண்ட் பிடிக்கணும். 2015ல வந்த ஆய்வுல வெறுமனே முக்கினவங்கள்ல 17 சதவீதம் பேருக்கும், இப்படிக் காலைத் தூக்கினவங்கள்ல 43 சதவீதம் பேருக்கும் நின்னிருக்கு. உங்களுக்கு இது சரிப்படுமான்னு டாக்டர்கிட்ட கேட்டு, அவர் முன்னாடியே ஒரு தடவை செஞ்சு பழகிட்டு வாங்க.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கண்ணு இருட்டறது, மயக்கம், இல்ல சீக்கிரம் நிக்கலைன்னா யோசிக்காம 108க்கு கூப்பிடுங்க. பேச்சு குழறினாலோ, கை கால் ஒரு பக்கம் விழுந்தாலோ ஒரு நிமிஷம் கூட தாமதிக்காதீங்க. கேஷுவாலிட்டில போய் சொல்ல வேண்டியது: இந்தத் தேதில அபிலேஷன் இருக்கு, இந்த மாத்திரையை இந்தத் தேதில நிறுத்தினோம், எங்க ஈ.பி. டீமோட நம்பர் இது. டபிள்யூ.பி.டபிள்யூ.ன்னா அதை முதல் வார்த்தையா சொல்லுங்க, ஏன்னா அதோட ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் சேர்ந்துட்டா வெரபமில், டிஜாக்சின் மாதிரி ஊசி ஆபத்தாயிடும். படபடப்பு இருக்கும்போதே எடுத்த ஈ.சி.ஜி.யை கெஞ்சியாவது வாங்கிட்டு வாங்க. ஈ.பி. டாக்டருக்கு அதைவிட உபயோகமான பேப்பர் கிடையாது.

8. பேப்பரும் பணமும்

ஃபைல்ல இருக்க வேண்டியது: படபடப்பு நேரத்து ஈ.சி.ஜி., சாதாரண ஈ.சி.ஜி., ஹோல்டர் ரிப்போர்ட் (நாள் முழுக்க ஒட்டி வச்சு எடுக்கற ஈ.சி.ஜி.), எக்கோ, ரத்த டெஸ்ட் எல்லாம், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் நிரப்பின அந்த மாத்திரைப் பேப்பர். ஈ.சி.ஜி. பேப்பர் நாளாக நாளாக மங்கிடும், வாங்கின அன்னிக்கே ஜெராக்ஸ் போட்டு போன்லயும் போட்டோ வைங்க. ஆதார், ரேஷன் கார்டு, இன்சூரன்ஸ் கார்டு ஒரிஜினலும் ஜெராக்ஸும்.

தனியார்ல சாதாரண எஸ்.வி.டி. அபிலேஷனே லட்சத்தைத் தாண்டும், 3டி மேப்பிங், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னா அதுக்கும் மேல பல மடங்கு போகும். எஸ்டிமேட் வாங்கும்போது கதீட்டர் (இதயத்துக்குள்ள விடற அந்த வயர்) விலை சேர்ந்திருக்கா, மேப்பிங் சார்ஜ் தனியா, டி.இ.இ. தனியான்னு தனித்தனியா கேளுங்க, பில்லு ஏறறது இந்த இடத்துலதான். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் மாதிரி இடங்கள்லயும் இது பண்றாங்க, ஆனா காத்திருக்கணும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல சேரலாம், வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் கவர். கார்டு இல்லைன்னா வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மையத்துக்குப் போங்க. உங்களுக்குப் பண்ணப் போற அபிலேஷன் அந்த ஆஸ்பத்திரில அந்தத் திட்டத்துல வருமான்னு காப்பீட்டு டெஸ்க்ல முன்கூட்டியே கேட்டுடுங்க.

தனியார் இன்சூரன்ஸ்னா, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துல முடிவு சொல்லணும்னு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம்) 2024ல உத்தரவு போட்டிருக்கு. ஆனா நடுவுல பழைய ரிப்போர்ட் வேணும், எப்போலேர்ந்து படபடப்புன்னு லெட்டர் வேணும்னு கேள்வி மேல கேள்வி வரும். அதனால திட்டமிட்ட அபிலேஷனுக்கு, கடைசி மாத்திரை போடற தேதிக்கு முன்னாடியே அப்ரூவல் கைக்கு வர்ற மாதிரி பேப்பரைக் குடுத்துடுங்க.

9. அட்மிஷன் அன்னிக்கும், வீட்டுக்குத் திரும்பறப்பவும்

எல்லா ஸ்ட்ரிப்பையும், நிறுத்தினதையும் சேர்த்துத்தான், கையோட எடுத்துட்டுப் போங்க. வார்டு நர்ஸ் கேட்டதும் அந்தப் பேப்பரைக் காட்டுங்க, டியூட்டி மாறும்போது திரும்ப ஒரு தடவை சொல்லுங்க, ஏன்னா வார்டுலயே பழைய சீட்டைப் பார்த்து நிறுத்தின மாத்திரையைக் குடுத்துடறதும் நடக்கும். தெரியாத மாத்திரை கைக்கு வந்தா "இது என்ன மாத்திரை"ன்னு கேட்டுட்டு முழுங்குங்க. சாப்பாடு எப்போ கடைசி, தண்ணி எப்போ கடைசின்னு அவங்க சொல்றபடி. காலைல போட வேண்டிய பிரஷர் மாத்திரை இருந்தா ஒரு வாய்த் தண்ணில போடச் சொல்றாங்களா இல்ல விடச் சொல்றாங்களான்னும் கேட்டுக்கோங்க.

டிஸ்சார்ஜ் ஆகும்போது அதே பேப்பரை எடுத்து மூணாவது கட்டத்தை நிரப்பச் சொல்லுங்க. எஸ்.வி.டி. அபிலேஷன் நல்லபடியா முடிஞ்சா ரிதம் மாத்திரை இனிமே வேண்டாம்னே சொல்லிடலாம், ஆனா அதை அவங்க சொல்லணும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை குறைஞ்சது 2 மாசம் கண்டிப்பா, அதுக்கு மேல உங்க வயசு, சுகர், பி.பி. எல்லாத்தையும் பார்த்து முடிவு பண்ணுவாங்க, படபடப்பு நின்னுடுச்சேன்னு நீங்களா விடாதீங்க. முதல் ரெண்டு மாசத்துல அங்கங்க படபடப்பு வந்தா அபிலேஷன் தோத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, ஈ.சி.ஜி. எடுத்துட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. ஆனா ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் அபிலேஷன் முடிஞ்சு சில வாரத்துல காய்ச்சல், முழுங்கும்போது வலி, நெஞ்சுவலின்னு வந்தா பக்கத்து கிளினிக்ல ஊசி போட்டுட்டு இருக்காதீங்க, அபிலேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்கே நேரா போங்க. அவங்க எமர்ஜென்சி நம்பரை டிஸ்சார்ஜ் அன்னிக்கே வாங்கி வீட்ல எல்லார் போன்லயும் ஏத்தி வைங்க.